பாதை முடியும் இடத்திலிருந்து: சியரா நெவாடாவில் ஆஃப்-டிரெயில் நடையும் சிகரம் ஏறுதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் பாதையை விட்டு விலகி நடக்கத் தொடங்கிய பிறகு, தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதையுள்ள இடங்களில் ஓரிரு இரவாவது கூடாரத்தில் தங்கிப் பழகியவர்களை மனத்தில் வைத்து எழுதியது. அந்தப் பழக்கமே இல்லையென்றால் முதலில் அதை ஒரு கோடைக்காலம் செய்துவிட்டு வாருங்கள். இந்த மலை அங்கேயேதான் இருக்கும்.

ஆஃப்-டிரெயில் என்றால் என்ன? பீக் பேகிங் என்றால்?

தேய்ந்த தடமோ வழிகாட்டிப் பலகையோ பாலமோ இல்லாத நிலத்தில், வரைபடத்தையும் கண்ணையும் நம்பி வழி கண்டுபிடித்து நடப்பதுதான் ஆஃப்-டிரெயில். பல நாள் சாப்பாடும் கூடாரமும் முதுகில் இருக்கும். பீக் பேகிங் என்பது ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சிகரங்களை ஒவ்வொன்றாக ஏறி முடிப்பது.

இரண்டும் வேறு வேறு ஆசைகள். ஆனால் சியராவில் ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வரும். புகழ்பெற்ற ஜான் மியூர் டிரெயில் 211 மைல் நீளம். அதை முழுக்க நடந்தாலும், டிரெயிலே உச்சி வரை கொண்டுபோய் விடும் சிகரம் கடைசியில் வரும் விட்னி ஒன்றுதான். வழியில் இருபுறமும் நிற்கும் மற்ற சிகரங்களை ஏறவேண்டுமென்றால் பாதையை விட்டுத்தான் ஆகவேண்டும்.

ஏன் சியரா நெவாடா?

பாதையில்லாமல் நடப்பதற்கு இவ்வளவு இணக்கமான உயரமான மலைத்தொடர்கள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஏறத்தாழ 400 மைல் நீளமுள்ள தொடர் இது. உயரமான பகுதிகளில் பெரும்பாலும் கிரானைட். பனியாறுகள் செதுக்கிவிட்டுப் போன படுகைகளும் ஏரிகளும் நிறைய. பத்து, பதினோராயிரம் அடிக்கு மேலே மரங்கள் குறைந்துவிடுவதால் எங்கே போகிறோம் என்று தூரத்திலிருந்தே தெரியும். கோடையில் மழையும் குறைவு.

மேற்குப் பக்கம் மெதுவாகச் சரிந்து இறங்கும். கிழக்குப் பக்கம் சுவர் போல விழும். கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் லோன் பைன் ஊர் சுமார் 3,700 அடியில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே விட்னி, 14,505 அடி. கிழக்கிலிருந்து ஏறினால் ஒரே நாளில் உயரமான படுகைகளுக்குள் போய்விடலாம், ஆனால் நுரையீரலும் முழங்காலும் அதற்கு விலை கொடுக்கும். மேற்கிலிருந்து போனால் காட்டுக்குள் ஒன்றிரண்டு நாள் நடக்கவேண்டும்.

கிளாஸ் 1, 2, 3 என்கிறார்களே, அது என்ன?

சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு, மலையேற்ற அமைப்பினர் 1930களிலிருந்து பயன்படுத்திவந்த தரப்பிரிவு இது. கிளாஸ் 1 சாதாரண நடை. கிளாஸ் 2 என்றால் பாதையில்லாத கரடுமுரடான நிலம், அவ்வப்போது சமநிலைக்குக் கை ஊன்றவேண்டும். கிளாஸ் 3இல் கையால் பிடித்து ஏறவேண்டும். கீழே விழுந்தால் நன்றாகவே அடிபடும். கிளாஸ் 4இல் பிடிமானம் எளிதாக இருந்தாலும் விழுந்தால் உயிர் போகலாம் என்பதால் பலர் கயிறு கட்டுவார்கள். கிளாஸ் 5 கயிறும் பாதுகாப்புக் கருவிகளும் வேண்டிய பாறையேற்றம். 1950களில் தெற்குக் கலிபோர்னியாவின் தாக்கீட்ஸ் பாறையில் ஏறியவர்கள் இந்த ஐந்தாம் வகுப்பை 5.0, 5.1 என்று தசமமாகப் பிரித்தார்கள். இன்று இதற்கு யோசெமிட்டி தசம முறை என்று பெயர்.

இந்த எண் வழியில் உள்ள மிகக் கடினமான அடி எது என்பதை மட்டும் சொல்கிறது. அந்த அடி எத்தனை முறை வரும், கல் உறுதியா ஆட்டமா, வழி தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இல்லை. உறுதியான கிரானைட்டில் கிளாஸ் 3 ஏறுவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. உதிரும் பாறையில் கிளாஸ் 2 ஏறுவதற்கு நான் இன்றும் பயப்படுகிறேன். பழைய காலத்து ஏற்றங்களுக்கு அப்போதைய ஆட்கள் கொடுத்த எண்களும் கறாரானவை. அவர்களுக்குக் கிளாஸ் 3 என்று பட்டது நமக்கு நான்காகப் படலாம்.

நான் எண்ணைவிட அதிகமாக நம்புவது ஒரு கேள்வியை. ஒவ்வொரு அடி ஏறும்போதும் கேட்டுக்கொள்வேன்: இதே இடத்தில் என்னால் இறங்க முடியுமா? முடியும் என்றால் மட்டும் அடுத்த அடி. ஏறும்போது பிடிகள் கண்ணுக்கு எதிரே இருக்கும். இறங்கும்போது அவை காலுக்குக் கீழே மறைந்துவிடும்.

முதல் சிகரமாக எதை ஏறலாம்?

யோசெமிட்டி தேசியப் பூங்காவின் டயோகா கணவாயில், சுமார் 9,940 அடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறக்கூடிய டேனா சிகரம் நல்ல தொடக்கம். 13,000 அடியைத் தாண்டிய சிகரம். பூங்காவில் லயல் சிகரத்துக்கு அடுத்த உயரம். அதிகாரபூர்வப் பாதை கிடையாது, ஆனால் ஆட்கள் போய்ப் போய் விழுந்த தடம் பாதி தூரம் இருக்கும். அப்புறம் கற்கள்தான். தூரம் குறைவு, ஏற்றம் 3,000 அடிக்குச் சற்று மேல். பாதை கலைந்துபோகும் இடத்தில் உங்கள் மனம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ள இது போதும்.

அடுத்ததாக, ஆனியன் வேலி (Onion Valley) என்ற இடத்திலிருந்து கியர்சார்ஜ் கணவாய் வரை நல்ல பாதையில் போய், அங்கிருந்து வடக்கே முகட்டைப் பிடித்து கூல்ட் (Gould) சிகரம் ஏறலாம். பெரும்பகுதி கிளாஸ் 2, உச்சிப் பாறை மட்டும் கிளாஸ் 3. அந்த உச்சிப் பாறைக்குக் கீழே நின்று 'வேண்டாம், இதோடு போதும்' என்று முடிவெடுத்தாலும் அது முழுமையான ஒரு நாள்தான்.

பட்டியல்கள் எவை? பட்டியலைத் துரத்துவது சரியா?

சியரா கிளப்பின் சியரா பீக்ஸ் பிரிவு வைத்திருக்கும் பட்டியல்தான் பலரும் பின்பற்றுவது. ஏறத்தாழ 250 சிகரங்கள். அதில் 15 சிகரங்களைத் தனியே 'எம்ப்ளம்' என்று குறித்திருக்கிறார்கள்: விட்னி, வில்லியம்சன், நார்த் பாலிசேட், ஹம்ஃப்ரீஸ், ரிட்டர் போன்றவை. 14,000 அடிக்கு மேற்பட்டவற்றை மட்டும் ஏறுபவர்களும் உண்டு. எண்ணும் முறையைப் பொறுத்து அவை ஒரு டஜன் சொச்சம் வரும்.

பட்டியல் எனக்கு நல்லது செய்திருக்கிறது. அது இல்லையென்றால் பெயரே கேள்விப்படாத படுகைகளுக்குள் நான் போயிருக்க மாட்டேன். ஆனால் மேகம் திரண்டுவரும் மதியத்தில் 'இன்னும் ஒன்றுதானே பாக்கி' என்று காதில் ஓதுவதும் அதே பட்டியல்தான். அதைக் காரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வரைபடத்தை எப்படிப் படிப்பது? ஜிபிஎஸ் போதாதா?

ஜிபிஎஸ் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். எதிரே இருப்பது ஏறக்கூடிய சரிவா என்று சொல்லாது. எங்கே நிற்கிறோம் என்பதே ஒரு காலத்தில் பெரிய சிக்கலாக இருந்தது உண்மைதான். 1864இல் நிலவியல் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிளாரன்ஸ் கிங், டிண்டல் சிகரத்தில் ஏறி நின்று அதைவிட உயரமான ஒன்றைப் பார்த்தார். அதற்குத்தான் விட்னி என்று பெயர் வைத்தார்கள். 1871இல் மறுபடி வந்து மேகமூட்டத்தில் ஒரு சிகரத்தை ஏறி, விட்னியை ஏறிவிட்டதாகவே நம்பினார். அவர் ஏறியது இன்று லாங்லி எனப்படும் சிகரம். தவறு 1873இல் தெரியவந்தது. அதற்குள் அவர் திரும்பி வந்து ஏறுவதற்கு முன்பே லோன் பைன் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் மூவர் விட்னி உச்சியில் கால் வைத்துவிட்டார்கள்.

இன்று அந்தக் குழப்பம் இல்லை. நம் சிக்கல் வேறு. அமெரிக்க நிலவியல் துறையின் 1:24,000 வரைபடங்களில், சியராவின் பெரும்பகுதிக்கு சமஉயரக் கோடுகளின் இடைவெளி 40 அடி. அதாவது முப்பத்தைந்து அடிச் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே தடயமே இல்லாமல் ஒளிந்துகொள்ளலாம். முப்பத்தைந்து அடி என்பது மூன்று மாடி. வரைபடம் 'போகலாம்' என்று சொன்னால் 'போய்ப் பார்க்கலாம்' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் உதவியது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது. நாளை ஏறப்போகும் சரிவை இன்று பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். புல் படர்ந்த திட்டுகள் எங்கே தொடர்கின்றன, வழுவழுப்பான பாறைப் பலகை எங்கே அறுந்து நிற்கிறது என்பதையெல்லாம் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏறும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது உங்கள் கண்முன் இருக்கப்போவது அந்தக் காட்சிதான்.

தெரியாத ஓடைச் சந்து வழியாக மேலிருந்து கீழே இறங்காதீர்கள். ஒருமுறை மாலை நேரத்தில் கீழே ஏரி தெரிகிறதே என்று நான் அப்படி இறங்கினேன். பாறைப் பலகை மெல்ல வளைந்து, வளைந்து, அப்படியே காற்றில் முடிந்தது. மேலிருந்து பார்த்தபோது அந்த வளைவுக்குப் பின்னால் இருந்தது தெரியவே இல்லை. இருட்டும் நேரத்தில் வந்த வழியே நானூறு அடி ஏறித் திரும்பினேன். நல்ல வேளை, ஏற முடியாத இடம் எதையும் வழியில் குதித்து இறங்கியிருக்கவில்லை.

இன்னொருவர் பதிவுசெய்த ஜிபிஎஸ் தடத்தைப் பின்பற்றும்போது அது எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள். ஜூன் மாதப் பனிமேல் ஒருவர் சுகமாக நடந்துபோன கோடு, ஆகஸ்டில் ஆட்டம் காணும் கற்குவியலாக இருக்கும்.

டேலஸ் மீது எப்படி நடப்பது?

ஆஃப்-டிரெயில் நடையில் பாதி இதுதான். டேலஸ் என்பது மேலேயுள்ள பாறைச் சுவர்களிலிருந்து உடைந்து விழுந்து சரிவில் குவிந்த பெரிய கற்கள். சில கால்பந்து அளவு, சில கார் அளவு. பொடிக்கற்களாக இருந்தால் ஸ்க்ரீ. ஸ்க்ரீயில் ஏறுவது இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும் வேலை. இறங்குவதோ குதிகாலை அழுத்தி வழுக்கிக்கொண்டே போகும் சுகம். அதனால் ஏறுவதற்கு உறுதியான பாறையும் இறங்குவதற்கு ஸ்க்ரீயும் கிடைக்குமா என்று பார்ப்பேன்.

டேலஸில் பெரிய கல் என்றால் ஆடாது என்று நம்பக்கூடாது. இந்த மலையில் பலர் அடிபடுவது இந்த நம்பிக்கையால்தான். ஃப்ரிட்ஜ் அளவுக் கல் ஒன்று பல காலமாக மூன்று புள்ளிகளில் சமநிலையாக நின்றிருக்கும். உங்கள் எடை நான்காவது இடத்தில் விழும்போது அது புரளும். கல்லின் நடுவில் கால் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். முழு எடையைப் போடுவதற்கு முன் லேசாக அழுத்திப் பாருங்கள். கல் ஆடினால் அங்கேயே நின்று சரிசெய்ய முயலாமல் அடுத்த கல்லுக்குப் போய்விடுங்கள். அந்த அடுத்த கல் எது என்று முன்பே கண்ணில் குறித்திருக்கவேண்டும். பாசி படிந்த பழைய கற்கள் நகராமல் நெடுநாள் இருந்தவை, அதனால் பொதுவாக உறுதியானவை. ஆனால் மழையில் நனைந்தால் அதே பாசி சோப்பு போல வழுக்கும்.

குழுவாகப் போனால் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக்கூடாது. கல் நழுவினால் தயங்காமல் 'ராக்!' என்று கத்தவேண்டும். வேகத்தைப் பற்றி ஏமாந்துவிடாதீர்கள். பாதையில் மணிக்கு இரண்டரை மைல் நடப்பவர் முதுகுச்சுமையுடன் டேலஸில் ஒரு மைல் போனால் நல்ல வேகம்.

எனக்கு அடிபட்டதும் இப்படித்தான். சிகரத்திலிருந்து இறங்கி, கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பேசிக்கொண்டே நடந்தபோது ஒரு கல் புரண்டு கெண்டைக்காலை அழுத்தியது. தோல் உரிந்து வீங்கியதோடு போயிற்று. எலும்பு முறிந்திருந்தால் காருக்கு இரண்டு நாள் தூரம். அன்றிலிருந்து டேலஸில் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

எந்த மாதம் நல்லது?

சராசரி ஆண்டில் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. அதற்கு முன் பனியும் கொசுவும் பெருக்கெடுத்த ஓடைகளும். ஆனால் சராசரி ஆண்டு என்பது அரிது. 2023 குளிர்காலத்தில் கொட்டிய பனியால் டயோகா சாலையே ஜூலை 22ஆம் தேதிதான் திறந்தது. அந்த வருடம் ஆகஸ்டிலும் உயரமான கணவாய்களில் ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) தேவைப்பட்டது.

பனியைவிட ஓடைகளுக்கு நான் அதிகம் அஞ்சுகிறேன். 2017இன் பெரும்பனிக்குப் பிறகு மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் சியராவில் தனித்தனி இடங்களில் ஓடையில் இறந்தார்கள். பகல் வெயிலில் பனி உருகி மாலையில் தண்ணீர் உச்சத்துக்குப் போகும், விடியற்காலையில் வடியும். சந்தேகமாக இருந்தால் இக்கரையிலேயே கூடாரம் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் அடித்துப்போனால் பையை உதறவேண்டியிருக்கும்.

கோடை மதியங்களில் இடிமழை வரும். நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுவது பழைய வழக்கம். விட்னி உச்சியில் 1909இல் கட்டிய ஒரு கல் குடில் இருக்கிறது. 1990இல் இடிமழைக்கு அதற்குள் ஒதுங்கியவர்களை மின்னல் தாக்கியது, ஒருவர் இறந்தார். உச்சியில் ஒதுங்க இடம் என்று எதுவும் கிடையாது.

ஆகஸ்டுக்குப் பிறகு காட்டுத்தீயின் புகை. 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவின் தேசியக் காடுகள் எல்லாவற்றையுமே மூடவேண்டி வந்தது. புறப்படும் முன் தீ நிலவரத்தைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பெர்மிட் வேண்டுமா?

இரவு தங்குவதென்றால் வேண்டும். நீங்கள் எந்த டிரெயில்ஹெட் (பாதை தொடங்கும் இடம்) வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஒதுக்கீடு. கிழக்குப் பக்கம் பெரும்பாலும் இன்யோ தேசியக் காடு. அங்கே 60 சதவீத இடங்கள் ஆறு மாதம் முன்பும், மீதி இரண்டு வாரம் முன்பும் திறக்கும். விட்னிக்கு மட்டும் தனிக் குலுக்கல், பிப்ரவரியில் விண்ணப்பிக்கவேண்டும். அங்கே ஒரே நாளில் ஏறி இறங்குவதற்கும் பெர்மிட் உண்டு.

யோசெமிட்டியில் பாதையை விட்டு நடக்கும் குழு எட்டுப் பேரைத் தாண்டக்கூடாது. உண்மையில் நான்கு பேரே அதிகம்.

என்ன கூடுதல் சாமான் வேண்டும்?

கூடுதலாக எடுப்பதைவிடக் குறைப்பதுதான் முக்கியம். முதுகில் நாற்பது பவுண்டோடு டேலஸில் சமநிலை தவறினால் மீள்வது கடினம். ஒட்டுப்பிடி நல்ல காலணி, கிளாஸ் 3க்கு ஹெல்மெட், பனி இருந்தால் ஐஸ் ஆக்ஸ். பனியில் சறுக்கும்போது ஐஸ் ஆக்ஸைக் குத்தி உங்களை நிறுத்திக்கொள்ளப் பழகாமல் எடுத்துப்போனால் அது வெறும் கூரான இரும்பு. சாப்பாட்டுக்குக் கரடி திறக்க முடியாத கேனிஸ்டர் யோசெமிட்டியின் காட்டுப்பகுதி முழுவதும் கட்டாயம், மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அப்படியே.

தனியாகப் போகலாமா?

போகலாம், நானும் போகிறேன். ஆனால் வால்டர் ஸ்டார் ஜூனியரின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞர், திறமையான மலையேறி. 1933 ஆகஸ்டில் மினரெட்ஸ் என்ற கூர்முனைச் சிகரங்கள் உள்ள பகுதிக்குத் தனியாகப் போனவர் திரும்பவில்லை. பெரிய தேடுதல் நடந்தது. மற்றவர்கள் போன பிறகும் நார்மன் கிளைட் என்ற மலையேறி தனியாகத் தேடிக்கொண்டே இருந்து, மைக்கேல் மினரெட்டில் உடலைக் கண்டுபிடித்தார். எந்தச் சிகரத்தின் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த நாள் எந்தப் படுகை, எந்தக் கணவாய், எந்தச் சிகரம், மாற்றுவழி எது, எந்த நாள் எத்தனை மணிக்குத் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை எடுத்துப்போங்கள். தனியாகப் போகும்போது நான் ஏறும் கிளாஸை ஒன்று குறைத்துக்கொள்கிறேன்.

உயரம் ஒத்துக்கொள்ளுமா?

முதல் இரவை டிரெயில்ஹெட் அருகில், எட்டாயிரம் ஒன்பதாயிரம் அடியில் தூங்குங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறவேண்டாம். குறையாமல் அதிகமானாலோ, நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்குங்கள், இரவானாலும் சரி.

பாதையில்லாத இடத்தில் தடம் விழாமல் நடப்பது எப்படி?

பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கச் சொல்வார்கள். இங்கே நேர்மாறு. உயரமான புல்வெளியில் நான்கு பேர் ஒரே வரிசையில் போனால் ஒரு கோடு விழும், அடுத்து வருபவர் அதைப் பாதை என்று நினைப்பார். பரவி நடங்கள், முடிந்தவரை பாறை மேலும் மணல் மேலும். வழியைக் குறிக்கக் கல் அடுக்காதீர்கள். யாரோ அடுக்கிய கற்களை நம்பித் தவறான சந்துக்குள் போனவர்கள் உண்டு, தவிர அடுத்தவர் தானே வழி கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியையும் அது கெடுக்கிறது.

கூடாரம் தண்ணீரிலிருந்து 100 அடியாவது தள்ளி, செடியில்லாத தரையில். மலம் கழிக்க இன்னும் தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலக் குழி. காகிதத்தைத் திரும்ப எடுத்து வாருங்கள். யோசெமிட்டியில் 9,600 அடிக்கு மேல் விறகு நெருப்பு கூடாது. அங்கே ஒரு மரக்கிளை வளர ஆகும் காலத்தை நினைத்தால், விதி இல்லாவிட்டாலும் மூட்ட மனம் வராது.

உச்சியில் இருக்கும் கையெழுத்துப் புத்தகம் பற்றிச் சொல்லுங்கள்.

பல சிகரங்களின் உச்சியில் ஒரு டப்பாவுக்குள் நோட்டு இருக்கும். ஏறியவர்கள் பெயரும் தேதியும் எழுதிவைப்பார்கள். பழைய நோட்டுகள் பல பெர்க்லியில் பான்கிராஃப்ட் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சில உச்சிகளில் திருட்டுப் போய்விட்டன, அது எனக்கு உண்மையிலேயே மனவேதனை. சியராவில் நூற்றுக்கு மேற்பட்ட முதல் ஏற்றங்களைச் செய்த நார்மன் கிளைட் பெயரை அப்படிப்பட்ட நோட்டுகளில் அடிக்கடி பார்த்திருக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்துப் பேர்கூட வராத ஒரு உச்சியில், முந்தைய பக்கங்களைப் படிக்கும் அரை மணி நேரத்துக்காகவே நான் ஏறியிருக்கிறேன். நோட்டை நனையவிடாமல் மூடிவிட்டு வாருங்கள். பென்சில் ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் முனை உடைந்திருக்கும்.

எப்போது திரும்பவேண்டும்?

நேரத்தைக் கீழேயே முடிவு செய்யுங்கள். 'ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவேன்' என்று காலையில் கூட வருபவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். உச்சிக்கு இருநூறு அடி கீழே நின்று எடுக்கும் முடிவு நேர்மையாக இருக்காது. மற்றபடி, இறங்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது என்றால் அதுவே பதில்.

பல நாள் ஆஃப்-டிரெயில் நடைக்கு ஒரு நல்ல தொடக்கம் சொல்லுங்களேன்.

ஸ்டீவ் ரோப்பர் வகுத்த, ஏறத்தாழ 195 மைல் நீளமுள்ள சியரா ஹை ரூட்டைப் பலர் கேட்கிறார்கள். அதற்கு இன்னும் இரண்டு கோடை பொறுங்கள். முதலில் பிஷப் ஊருக்கு மேலே நார்த் லேக்கிலிருந்து ஒரு சுற்று. லமார்க் ஏரிகள் வரை பாதை, அப்புறம் மணல் சரிவில் தெளிவற்ற தடம், முடிவில் 12,900 அடியை ஒட்டிய லமார்க் கோல் (col, முகட்டில் உள்ள தாழ்வான கடவு). அந்தப் பக்கம் டார்வின் கேன்யன் ஏரிகளின் கரையோரம் முழுக்க டேலஸ். இங்கே அரை நாள் ஒதுக்குங்கள். கீழே டார்வின் பெஞ்ச் என்ற புல்மேடை, பின்பு ஜான் மியூர் டிரெயில். எவல்யூஷன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, பையூட் ஓடையைப் பிடித்து ஏறி, ஹம்ஃப்ரீஸ் படுகையைக் கடந்து, பையூட் கணவாய் வழியாக நார்த் லேக்கிற்கே திரும்பலாம். ஐந்து நாள் வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

பாதையில்லாத பகுதி முதல் இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது, மீதி முழுக்க நல்ல பாதை. கோலில் பனி அதிகமாக இருந்தால் வந்த வழியே அன்றே கீழே இறங்கிவிடலாம். எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டாம் இரவை டார்வின் பெஞ்சில் தங்குங்கள், ஏரியிலிருந்து தள்ளி, மணல் பார்த்து. மாலை வெயிலில் எதிரே எவல்யூஷன் சிகரங்கள் சிவக்கும்போது, அவற்றில் எந்தச் சரிவில் ஏறி எந்தச் சரிவில் இறங்கலாம் என்று உட்கார்ந்து பாருங்கள்.